கரையோர வண்டிகள் – 7: எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?

சென்ற வாரம் சேசிஸைத் தின்னும் உப்புக் காற்றைப் பார்த்தோம். இந்த வாரம் பானட்டைத் திறக்கிறோம். ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடலாடி, வண்டி டொயோட்டா குவாலிஸ்.

2000-ல் இந்தியச் சாலைக்கு வந்து 2005-ல் உற்பத்தி நின்ற வண்டி இது. கடைசியாக வெளிவந்த குவாலிஸுக்கே இருபது வயது ஆகிவிட்டது. ஆனாலும் கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் குடும்பத்தோடு ஏர்வாடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போய்வர இதை விடாமல் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று எல்லாரும் ஒரே வண்டியில் ஏறலாம் என்பது ஒரு காரணம். இன்ஜின் இன்னொரு காரணம். 2446 சிசி டீசல். டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல். இதே 'எல்' வரிசை இன்ஜின்கள்தான் ஹைலக்ஸ் பிக்கப்பிலும் ஓடின. வளைகுடாவில் ஹைலக்ஸைப் பிரித்து மாட்டிவிட்டு ஊர் திரும்பிய கைக்கு குவாலிஸ் புதிதல்ல.

'வண்டி ஹீட் ஆகுது' என்று போய் நின்றால், இந்தப் பக்கத்தில் விவரமான மெக்கானிக் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் ஒன்று கேட்பார்: "என்ன தண்ணிண்ணே ஊத்துனீக?"

இந்தக் கேள்வியில் இந்த மண்ணின் கதை முழுவதும் இருக்கிறது. கடலாடி வட்டாரத்தில் போர் போட்டால் பெரும்பாலும் வருவது உப்புத் தண்ணீர். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நல்ல தண்ணீர் தேடி நடக்கும் சாலைகள் இவை. ஊரணி, மணலில் தோண்டிய ஊற்று, லாரித் தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தவர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அரசு 1990-களின் கடைசியில் இதே வட்டாரத்து நரிப்பையூரில் அமைத்ததும் இந்தத் தவிப்பினால்தான். பிள்ளைகள் குடிக்க வைத்திருக்கும் குடத்தை யார் ரேடியேட்டரில் கவிழ்ப்பார்கள்? கைக்கு எட்டும் போர்த் தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். இதை வண்டிக்காரரின் அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் இன்ஜினுக்கு நம் நியாயம் தெரியாது. உப்புத் தண்ணீர் உள்ளே போனதும் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்குகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் பிரிந்து சுண்ணாம்புப் படிவமாக ஒட்டுகின்றன. அதிகம் ஒட்டுவது அதிகச் சூடான இடத்தில், அதாவது எரிபொருள் வெடிக்கும் அறையைச் சுற்றியுள்ள ஹெட்டின் நீர்ப்பாதையில். எந்த இடத்துக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டுமோ, அந்த இடத்தையே படிவம் மறைத்துவிடுகிறது. கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபடுகின்றன. இரண்டாவது, அரிப்பு. அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் பாதுகாப்புப் படலத்தை உப்பின் குளோரைடு குத்திக் குத்தித் துளைக்கும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பழைய வண்டிகளின் செம்பு–பித்தளை ரேடியேட்டர் ஆகியவை உப்புத் தண்ணீரால் இணைந்தால் அது ஒரு பேட்டரியாகவே வேலை செய்யும். முதலில் கரைவது அலுமினியம். இந்தக் கடலோரத்தின் அரிப்பைப் படிப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. அவர்கள் வெளியே படிக்கும் அரிப்பை நாம் வாளியில் மொண்டு இன்ஜினுக்குள் ஊற்றுகிறோம்.

அடுத்து, ஹெட் கேஸ்கெட். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இருமடங்கு விரியும். அரை மீட்டர் நீளத் துண்டு 80 டிகிரி சூடேறினால் இரும்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும், அலுமினியம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட் அளவான சூட்டில் இந்த இழுப்பைத் தாங்கும். சூடு எல்லை மீறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் அடித்துவிடும், சில சமயம் வால்வுகளுக்கு நடுவே ஹெட்டில் விரிசலும் விழும்.

அறிகுறிகளை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே சேதிதான். எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைவது, சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, டிப் ஸ்டிக்கில் மோர் நிறத்தில் ஆயில் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

சாலையில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். மூடியின் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணத்தில் அத்தனையும் முகத்தில் பாயும். முகமும் கையும் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: இன்ஜின் ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். ஆறும் முன் பச்சைத் தண்ணீர் ஊற்றினால், தப்பிக்க வாய்ப்பிருந்த ஹெட்டும் வெடிக்கலாம்.

இனி பட்டறை. 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டா ஹீட் ஆகாது' என்று சொல்வோர் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். பைபாஸ் வால்வு உள்ள தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்கே திரும்பும். புதிதாக ஒன்றை மாட்டுவதே சரி. ஹெட்டைக் கழற்றினால் வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூடக்கூடாது. லேத்தில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் வைத்துப் பார்க்க வேண்டும், வளைவை அளக்க வேண்டும், தேவையானால் ஃபேஸிங் போட வேண்டும். அதையும் அளவோடு போட வேண்டும். ஏனென்றால் டீசல் இன்ஜினில் காற்று அமுங்கும் இடம் மிகச் சிறியது. போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்குவதை நின்று பாருங்கள். ரேடியேட்டரைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்யாமல் ஹெட்டை மட்டும் சரிசெய்தால் அந்தச் செலவு வீண்.

பிறகு ஊற்ற வேண்டியது கலந்தே வரும் கூலன்ட். அதில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. அடர்த்தியாக வாங்கினால் கலப்பதற்கு பேட்டரித் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில், முதல் மழையை விட்டுவிட்டு மாடியில் பிடித்து மூடி வைத்த தண்ணீரும் அவசரத்துக்கு நல்லது. போர்த் தண்ணீரோடு ஒப்பிட்டால் அதில் உப்பு மிகக் குறைவு. ஒரு கேன் வண்டியிலேயே கிடக்கட்டும்.

இவ்வளவு செலவு தகுமா என்பதை பாடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இருபது வயது தாண்டிய காரின் ஆர்சி புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகிவிட்டது. அதையும் கணக்கில் சேருங்கள். சேசிஸ் உறுதியாக இருந்தால் செய்யலாம் என்பதே என் கருத்து. ஹெட்டை இறக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் உள்ளே நடப்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

(தொடரும்)