ஆடிச்சுற்று ஆடியோடு நிற்கலாமா?

எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால், பக்தர்கள் கோயிலை 101, 108 என்று சுற்றி வருவார்கள். ‘ஆடிச்சுற்று’ என்று பெயர். கோமதி அம்மனுக்கான நேர்த்தி அது.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி ஒருமுறை சொன்னாள்: “சுத்துற நேரம் மட்டும் மனசு லேசா இருக்குக்கா. வீட்டுக்கு வந்தா மறுபடியும் பாரம்தான்.”

“அப்போ ஆடி முடிஞ்சாலும் நட” என்றேன்.

ஆம் சகோதரிகளே, நடை மனசுக்கும் மருந்து. வாரம் 150 நிமிடமாவது உடலுக்கு அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நடந்தால் கணக்குச் சரி. பேச்சுத் துணைக்கு ஒரு தோழியை அழைத்துக் கொள்ளுங்கள். பிரசவமானவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். குழந்தை தூங்கும்போது நீங்களும் கண்ணயருங்கள், பாத்திரம் காத்திருக்கட்டும்.

அதன் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாத மனம் என்று நீடித்தால், அது சோம்பலோ திமிரோ அல்ல; பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். தயங்காமல் டாக்டரிடம் போங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையில், 14416-க்குப் போன் செய்து காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

மாமியார்களே, பேரப்பிள்ளையை அரை மணி நீங்கள் வைத்துக் கொள்ளுங்களேன்! மருமகள் நடந்துவிட்டு வரட்டும்.