பட்டப்படிப்பின்போதே சட்டக் கல்விக்குத் தயாராவது எப்படி?

புது தில்லி: கல்லூரியில் இளநிலைப் பட்டம் பயின்றுகொண்டே சட்டக் கல்வியை இலக்காகக் கொள்ளும் மாணவர்கள், எந்தத் தேர்வு தமக்கு உரியது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பரவலாக அறியப்பட்ட ‘கிளாட்’ இளநிலைத் தேர்வு, பிளஸ் 2 தகுதியுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கானது. பட்டதாரிகளுக்கு உரியது மூன்றாண்டு எல்.எல்.பி. தில்லி பல்கலைக்கழகம், பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இப்படிப்பில் சேர ‘க்யூட்’ முதுநிலைத் தேர்வை எழுத வேண்டும். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி ‘என்எல்சாட்’ என்ற தனித் தேர்வையும், மகாராஷ்டிரம் மாநில அளவிலான பொது நுழைவுத் தேர்வையும் நடத்துகின்றன.

தகுதி என்ன?

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால், இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி பொதுப் பிரிவினர் 45 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோர் 42 சதவீதம், பட்டியலினத்தவர் மற்றும் பழங்குடியினர் 40 சதவீத மதிப்பெண்கள் பெற்றிருக்க வேண்டும். இது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. தில்லி பல்கலைக்கழகம் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதத்தை நிர்ணயித்துள்ளது. எனவே, முதலாண்டில் காட்டும் அலட்சியம் பின்னர் நுழைவுத் தேர்வில் வென்றாலும் சேர்க்கையைத் தடுத்துவிடக்கூடும்.

தொலைநிலைக் கல்வியில் பெற்ற பட்டம் ஏற்கப்படும். எனினும், உரிய பள்ளிக் கல்வித் தகுதியின்றி, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்கள் சேர இயலாது.

எவற்றைப் படிக்கலாம்?

வாசித்துப் பொருளுணர்தல், நடப்பு நிகழ்வுகள், தர்க்கச் சிந்தனை ஆகியவை தேர்வுகளில் முக்கிய இடம்பெறுகின்றன. என்எல்சாட் தேர்வில் விரிவாக எழுதும் பகுதியும் உண்டு. ஆகவே, நாள்தோறும் நாளிதழின் தலையங்கத்தை வாசித்து, அதன் வாதத்தைச் சில வரிகளில் சுருக்கி எழுதுவது செலவில்லாத பயிற்சியாகும்.

பழைய நூல்களை வாங்குவோர் கவனமாக இருத்தல் அவசியம். இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்களும் மாறிவிட்டன.

பட்டத்துக்குப் பின்...

சட்டப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தோர், தொடர்ந்து வழக்குரைஞராகப் பணியாற்ற அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். உரிமையியல் நீதிபதி பணியின் தொடக்கநிலைத் தேர்வை எழுத மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் கட்டாயம் என உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. நீதிபதியாக விரும்பும் மாணவர்கள் இந்தக் காலத்தையும், அதற்கான குடும்பச் செலவையும் இப்போதே கணக்கில் கொள்வது நலம்.