நைரோபி லாட்ஜில் தங்கப் போறீங்களா? வாடகையை மட்டும் பார்த்தால் பர்ஸ் காலி!

கோவில்பட்டி:
கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரத்தில் தயாராகும் தீப்பெட்டி உள்நாட்டில் மட்டும் விற்பதில்லை. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பல் ஏறுகிறது. ஆர்டர் பேச, பாக்கி வசூல் பண்ண, மெஷின் மாட்டிக் கொடுக்க என்று கரிசல் காட்டு ஆளுங்களும் அந்தப் பக்கம் போக வேண்டி வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பலருக்கும் முதல் இறக்கம் கென்யா தலைநகர் நைரோபிதான்.

கம்பெனியே பெரிய ஓட்டல் போட்டுக் கொடுத்தால் கவலை இல்லை. கைக்காசு போட்டு, வட்டிக்கு வாங்கிப் போகிறவர்கள் மலிவு லாட்ஜைத்தான் தேடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் காசு கரைவது ரூம் வாடகையில் இல்லை. ஊசி போடாமல் கிளம்புவது, ராத்திரியில் போய் இறங்குவது, ரூமைப் பார்க்காமல் பணம் கட்டுவது, இந்த மூன்றில்தான் கரைகிறது.

முதல் வேலை ஊசி

கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகள் பட்டியலில் இருக்கிறது. இது கொசு கடித்து வரும் நோய். நம்ம ஊர் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.

இந்தியாவில் இருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா இந்த ஊசி சர்டிபிகேட்டைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதனால் பல பேர் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போதுதான். கென்யாவில் இருந்து சர்டிபிகேட் இல்லாமல் வந்து இறங்கினால், இந்திய ஏர்போர்ட்டிலேயே பிடித்து 6 நாள் வரை தனியாக வைக்க சட்டத்தில் இடம் உண்டு. 6 நாள் சம்பளம் போச்சு, ஊருக்குப் போட்ட ரெயில் டிக்கெட்டும் போச்சு. லாட்ஜில் மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு?

இந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். மத்திய அரசு அனுமதி பெற்ற மையங்களில் மட்டும்தான். கோவில்பட்டிக்காரர்களுக்குப் பக்கம், சுமார் 60 கிலோ மீட்டரில் உள்ள தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். தினமும் போடுவதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டு, நாள் குறித்துக்கொண்டு போவது நல்லது. பாஸ்போர்ட்டை மறக்கக் கூடாது.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சர்டிபிகேட் செல்லும். அதனால் புறப்படும் அன்றைக்கு ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்ற கதை நடக்காது. 2016 ஜூலையில் இருந்து இந்த சர்டிபிகேட் ஆயுள் முழுக்க செல்லும். ஒரு தடவை போட்டால் போதும். முட்டை அலர்ஜி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

விசா இல்லை, ஆனால் அனுமதி உண்டு

2024 ஜனவரியில் இருந்து கென்யா விசா முறையை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக 'இ.டி.ஏ.' என்ற ஆன்லைன் அனுமதி வாங்க வேண்டும். தொடங்கியபோது கட்டணம் 30 டாலர். கென்யா அரசின் சொந்த இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதே மாதிரி பெயரில் போலித் தளங்கள் கூடுதல் காசு கறக்கும், உஷார்.

இந்த விண்ணப்பத்தில் தங்கும் இடத்தின் புக்கிங் விவரம் கேட்பார்கள். 'அங்கே போய் லாட்ஜ் பார்த்துக்கலாம்' என்று கிளம்ப முடியாது. ஆனால் மொத்த நாளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட வேண்டாம். வேண்டாம் என்றால் ரத்து செய்யக்கூடிய புக்கிங்காகப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் மெஷின் மாட்டுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அங்கே குற்றம். கொஞ்ச நாள் வேலைக்கு 'ஸ்பெஷல் பாஸ்' என்று தனியாக உண்டு. கூப்பிட்ட கம்பெனியிடம் அதைக் கேட்டு வாங்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும்.

அங்கேயும் 'ஓட்டல்' என்றால் சாப்பாடு

நம்ம ஊரில் ஓட்டல் என்றால் இட்லி, புரோட்டா. தங்குவதற்கு லாட்ஜ். நைரோபியிலும் பேச்சு வழக்கு இதேதான். சுவாஹிலி மொழியில் 'ஹோட்டேலி' என்று போர்டு இருந்தால் அது பெரும்பாலும் சின்ன சாப்பாட்டுக் கடை. தங்குவதற்கு 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்', 'கெஸ்ட் ஹவுஸ்' என்ற போர்டைப் பார்க்க வேண்டும்.

நேரம் சொல்வதிலும் ஒரு குழப்பம் உண்டு. சுவாஹிலியில் மணியைக் காலை 6-ல் இருந்து எண்ணுவார்கள். நம்ம தாத்தா காலத்தில் பொழுது விடிந்ததில் இருந்து நாழிகை எண்ணிய மாதிரி. 'ஸா ம்பிலி' என்றால் சொல்லுக்கு இரண்டு மணி. அர்த்தம் காலை 8 மணி! டாக்சிக்காரர் சுவாஹிலியில் நேரம் சொன்னால் கடிகாரத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கிலீஷில் சொன்னால் நம்ம கணக்குதான். இந்திய நேரத்தை விட அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால்.

எந்த ஏரியா?

நைரோபி நடு ஊரில் ரிவர் ரோடு, லட்டேமா ரோடு பக்கம் லாட்ஜ் மலிவு. பஸ்சும் பக்கம். ஆனால் திருட்டு, வழிப்பறிக்குப் பெயர் போன பகுதி. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நடக்கவே கூடாது.

அதை விடக் கொஞ்சம் கூடுதல் வாடகையில் நகாரா, பார்க்லேண்ட்ஸ் பக்கம் பார்க்கலாம். இரண்டும் இந்திய வம்சாவளியினர் ரொம்பக் காலமாக வாழ்ந்து வரும் பகுதிகள். 1896-ல் தொடங்கிய உகாண்டா ரெயில் பாதை வேலைக்காக வெள்ளைக்காரன் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு போனான். பெரும்பாலும் பஞ்சாபிகள். பின்னாலேயே குஜராத்தி வியாபாரிகளும் போய்க் கடை போட்டார்கள். 2017-ல் கென்யா அரசு இந்திய வம்சாவளியினர் உள்ளிட்ட ஆசியர்களை அந்த நாட்டின் 44-வது இனமாக அறிவித்தது என்பது குறிப்பிடத்தக்கது. அதனால் இந்தப் பகுதிகளில் மளிகைக் கடை, சைவ சாப்பாடு, கோவில், குருத்வாரா எல்லாம் கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு லாட்ஜ் நாளுக்கு 2,000 ஷில்லிங், இன்னொன்று 3,000 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். மலிவான லாட்ஜில் காலை டிபன் கிடையாது. வேலை பார்க்கும் இடத்துக்குத் தினமும் டாக்சி. ராத்திரி சாப்பாட்டுக்கு வெளியே போகவும் டாக்சி. இந்த மூன்றையும் கூட்டினால் மிச்சம் என்று நினைத்த 1,000 ஷில்லிங் எங்கே போனது என்றே தெரியாது. பாதுகாப்பான இடம், காலை டிபன், வேலைக்குப் பக்கம், மூன்றும் சேர்ந்ததுதான் உண்மையான மலிவு.

விமானத்தை முடிந்தவரை பகலில் இறங்குகிற மாதிரி எடுக்க வேண்டும். ராத்திரி இறங்க வேண்டி வந்தால், ஏர்போர்ட் வாசலில் கையைப் பிடித்து இழுப்பவர்களோடு போகாமல், லாட்ஜ்காரரிடமே வண்டி அனுப்பச் சொல்லலாம். அல்லது போன் ஆப்பில் டாக்சி பிடிக்கலாம்.

பணம் கட்டும் முன் ரூமைப் பார்

* முதலில் ரூமைக் காட்டச் சொல்லுங்க. காட்ட மறுத்தால் அடுத்த லாட்ஜ்.

* கதவின் உள் தாழ்ப்பாள், ஜன்னல் பூட்டு இரண்டையும் போட்டுப் பாருங்க. ஊரில் இருந்து ஒரு சின்னப் பூட்டு கொண்டு போவது நல்லது.

* கீழே பார் இருக்கிறதா என்று கேளுங்க. இருந்தால் விடிய விடியப் பாட்டுதான், தூக்கம் கிடையாது.

* தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்க. கோவில்பட்டிக்காரனுக்குத் தண்ணீர்க் கஷ்டம் புதுசு இல்லை. நைரோபியிலும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். டேங்க் இருக்கிறதா, எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

* பாத்ரூமில் ஷவர் தலையிலேயே ஹீட்டர் வைத்திருப்பார்கள். வயர் பிய்ந்து தொங்கினால் தொடாதீங்க. ஈரக் கையோடு சுவிட்ச் போடாதீங்க. சந்தேகம் வந்தால் பக்கெட்டில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குளிக்கலாம்.

* கொசுவலை ஓட்டை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்க.

* பிளக் சதுர பின். துபாயில் உள்ள அதே பிளக்தான். துபாய் போய் வந்த சொந்தக்காரர் வீட்டில் அடாப்டர் சும்மா கிடக்கும், வாங்கிப் போங்க.

* டிபன் சேர்த்தா, வரி சேர்த்தா, காலி பண்ணும் நேரம் எத்தனை மணி என்று கேட்டுவிட்டு ஒரு நாள் வாடகை மட்டும் கட்டி ரசீது வாங்குங்க. பிடித்தால் மறுநாள் நீட்டிக்கலாம்.

* பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள விடலாம். ஒரிஜினலை அடமானம் மாதிரி வாங்கி வைக்க விடக் கூடாது.

டாலரும் எம்-பெசாவும்

இந்திய ரூபாயை எல்லா இடத்திலும் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் ரேட் அடிபடும். இங்கேயே டாலராக மாற்றிக்கொண்டு போக வேண்டும். கிழிசல், கிறுக்கல் உள்ள நோட்டு, பழைய வருஷத்து நோட்டு என்றால் அங்கே தள்ளிவிடுவார்கள். புது நோட்டாகக் கேட்டு வாங்குவது முக்கியம். 2025-ல் ஒரு டாலர் சுமார் 129 கென்யா ஷில்லிங்காக இருந்தது. தெருவில் நின்று 'கூடுதல் ரேட் தர்றேன்' என்பவரிடம் மாற்றினால் காசு காலி.

நம்ம நாட்டில் யு.பி.ஐ. 2016-ல் வந்தது. கென்யாவில் 2007-லேயே 'எம்-பெசா' என்ற செல்போன் பணம் வந்துவிட்டது. லாட்ஜ், டீக்கடை, காய்கறிக்காரம்மா எல்லாரும் அதில்தான் வாங்குகிறார்கள். பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்கினால் இதையும் தொடங்கிக்கொள்ளலாம். பை நிறைய நோட்டு வைத்துக்கொண்டு அலைய வேண்டியது இல்லை.

களியும் உண்டு, சாயாவும் உண்டு

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அங்கே ஏழை எளியவர்களின் அன்றாட உணவு 'உகாலி'. நம்ம பக்கம் கிண்டுகிற களி மாதிரிதான், மக்காச்சோள மாவில் செய்வது. தொட்டுக்கொள்ள 'சுகுமா விக்கி' என்ற கீரைப் பொரியல். சப்பாத்திக்கு அங்கேயும் பெயர் சப்பாத்தி, டீக்கு பெயர் சாய். சின்ன 'ஹோட்டேலி'யில் சூடாகச் சாப்பிட்டால் வயிறும் கெடாது, செலவும் குறையும்.

கையில் காசு சுத்தமாக இல்லை என்ற நிலை வந்தால் குருத்வாராவுக்குப் போகலாம். சாதி மதம் கேட்காமல் சாப்பாடு போடுவார்கள். தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். நைரோபி–மொம்பாசா ரோட்டில் மக்கிண்டு என்ற ஊரில் 1926-ல் கட்டிய குருத்வாராவில் வழிப்போக்கர்களுக்கு இலவசமாகத் தங்கவும் இடம் உண்டு.

கேரி பேக் கொண்டு போனால் வம்பு

கோவில்பட்டியில் இருந்து கிளம்புகிறவர்கள் கடலை மிட்டாய் இல்லாமல் போக மாட்டார்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் ஆச்சே! ஆனால் அதைப் பிளாஸ்டிக் கேரி பேக்கில் கட்டிக்கொண்டு போகாதீங்க. 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் கேரி பேக்குக்குத் தடை. அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரை, ஜெயில் 4 வருஷம் வரை என்று சட்டம் சொல்கிறது. நம்ம மஞ்சப்பை போதும்.

தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. நைரோபியில் ரோட்டில் நின்று பீடி, சிகரெட் பிடித்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் அனுமதி. அரசு கட்டிடம், போலீஸ், ஏர்போர்ட்டைப் போட்டோ எடுக்கவும் கூடாது.

போலீஸ் என்று சொல்லிக்கொண்டு மப்டியில் வந்து பர்சைக் கேட்கும் மோசடிப் பேர்வழிகள் உண்டு. பர்சைக் கொடுக்காமல், 'லாட்ஜுக்கு வாங்க' அல்லது 'ஸ்டேஷனுக்குப் போகலாம்' என்று சொல்ல வேண்டும்.

குளிரும் காய்ச்சலும்

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு போகிறவர்கள் நடுங்கிப் போவார்கள். நைரோபி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,795 மீட்டர் உயரம். ஏற்காட்டை விட உயரம்! ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ராத்திரி நல்ல குளிர். ஸ்வெட்டர், போர்வை அவசியம்.

இந்த உயரத்தால் நைரோபியில் மலேரியா குறைவு. ஆனால் மொம்பாசா, கிசுமு பக்கம் போனால் மலேரியா அபாயம் அதிகம். போகும் முன் டாக்டரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு சமாளிக்கக் கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் 'ஆப்பிரிக்கா போய் வந்தேன்' என்று சொல்லி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆப்பிரிக்க மலேரியா சில நாளிலேயே உயிரை எடுத்துவிடும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் அங்கே போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, 'அப்ஸ்ட்ராக்ட்' என்ற சான்று வாங்கிக்கொண்டு நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அவசர போலீஸ் எண் 999 அல்லது 112. பாஸ்போர்ட், ஊசி சர்டிபிகேட், இ.டி.ஏ., திரும்பும் டிக்கெட், இந்த நாலின் ஜெராக்சையும் ஒரு செட் பையில் வைத்து, இன்னொரு செட்டை வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்து, லாட்ஜ் பெயர், போன் நம்பரையும் எழுதி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.