வார்டில் அந்த அக்கா

"சிஸ்டர், ஏழாம் பெட் தாத்தா காலையிலேருந்து தண்ணியே குடிக்கல." எங்கள் வார்டைக் கூட்டித் துடைக்கும் அக்காதான் இதை வந்து சொன்னார். அவருடைய வேலைப் பட்டியலில் இது கிடையாது. ஆனால் நோயாளியைத் தேற்றும் கூட்டத்தில் தானும் ஒருத்தி என்று அவர் நினைக்கிறார்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்நெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். ஒரே மருத்துவமனை, ஒரே வேலை. ஒரு சாரார் சொன்னதை மட்டும் செய்தார்கள். வேலையும் பிடிக்கவில்லை, அதற்குத் திறமை வேண்டும் என்றும் தோன்றவில்லை. இன்னொரு சாரார் நோயாளிகளிடம் பேச்சுக் கொடுத்தார்கள், பார்க்க வந்தவர்களுக்கு உதவினார்கள், நர்ஸ்களின் வேலை தடைபடாதபடி தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு வேலை பிடித்திருந்தது. அது திறமையான வேலை என்றும் நம்பினார்கள்.

தன்மதிப்பும் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும் உள்ளவர்களுக்கு வேலைத் திருப்தி கூடுதல் என்பதை உளவியலாளர் டிமத்தி ஜட்ஜின் ஆய்வுகளும் காட்டுகின்றன.

அதற்காக, குறைந்த கூலியை நல்ல மனசால் ஈடுகட்டச் சொல்வது அநியாயம். மேற்பார்வையாளர்களே, துப்புரவுப் பணியாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குங்கள். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள்.