எல்லா வயதினருக்கும் ஒரு கச்சேரி



பள்ளிக்கூடத்தில் பணத்தட்டுப்பாடு வந்தால் முதலில் எந்தப் பாடத்தில் கை வைப்பார்கள்? கணக்கை நிறுத்தமாட்டார்கள், மொழிப்பாடத்தை நிறுத்தமாட்டார்கள். பெரும்பாலும் இசைப்பாடம்தான் முதலில் போகும். “பாட்டு சோறு போடுமா?” என்ற கேள்வி நம்மிடையே மட்டுமல்ல, வசதியான நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அந்த நிலை வந்தபோது, முரட்டுப் பாட்டுக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்களிடமிருந்தும் உதவிக்கரம் நீண்டது. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

1978ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியா மக்கள் ஒரு வாக்கெடுப்பின் மூலம் வீடு, நிலம் ஆகியவற்றுக்கான வரியைக் குறைத்துக்கொண்டார்கள். ‘13ஆம் முன்மொழிவு’ என்று அதற்குப் பெயர். சொத்தின் மதிப்பில் 100க்கு 1 பங்குக்கு மேல் வரி கூடாது என்பது அதன் சாரம். வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால், பள்ளிகளுக்கு அந்த வரியிலிருந்தே பெரும்பணம் வந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காயும்? பல பள்ளிகளில் இசை வகுப்பு சுருங்கியது; சில பள்ளிகளில் நின்றே போயிற்று.

இனி, அந்தப் பாட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன். ‘பங்க்’ என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் வேர்விட்ட இசை. உரத்த கிட்டார், விரைந்த தாளம், மிகக் குறுகிய பாட்டு ஆகியவை அதன் அடையாளம். ராமோன்ஸ் என்னும் குழு 1976இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகள் உள்ளன. அத்தனையும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். “பெரிய ஞானம் வரட்டும் என்று காத்திராதே, கருவியை எடு, வாசி” என்பதே இவர்களின் போக்கு. கிழிந்த சட்டையையும் சிலிர்த்த தலைமுடியையும் கண்டு பெற்றோர் பலர் அஞ்சியதில் வியப்பில்லை.

இந்த இசைக்கு ஓர் இடையூறு இருந்தது. கச்சேரிகள் பெரும்பாலும் மது விற்கும் இடங்களில் நடந்தன; வயது குறைந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. 1984இல் வந்த ஒரு சட்டத்தின் விளைவாக, சில ஆண்டுகளில் மது வாங்கும் வயது நாடெங்கும் 21 ஆயிற்று. பாட்டுக் கேட்க வந்த 15 வயதுப் பிள்ளை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதற்கு இளைஞர்களே வழி கண்டார்கள். வயது குறைந்தவர்களின் கையில் மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விடுவது ஒரு வழி. குறி உள்ள கைக்கு மது கிடையாது. மதுவே இல்லாத இடத்தைத் தாங்களே நடத்துவது இன்னொரு வழி. 1986 டிசம்பர் 31ஆம் நாள் பெர்க்லி நகரில், கில்மன் தெரு 924ஆம் எண்ணில் அப்படியோர் அரங்கம் திறக்கப்பட்டது. மது, போதைப்பொருள், அடிதடி, இனவெறி ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. வேலை செய்தவர்கள் தொண்டர்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கிரீன் டே குழுவினர் பதின்ம வயதில் அங்கேதான் வாசித்தார்கள்.

1987இல் வாஷிங்டன் நகரில் தொடங்கிய ஃபுகாசி என்னும் குழு, எல்லா வயதினரையும் அனுமதிக்கும் கச்சேரிகளையே நாடியது. நுழைவுச்சீட்டையும் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது. பொதுக் காரியங்களுக்கு நிதி சேர்க்கப் பல கச்சேரிகளில் வாசித்தது. கூட்டத்தில் எவராவது பிறரை இடித்துத் துன்புறுத்தினால் பாட்டை நிறுத்தி, கொடுத்த 5 டாலரைத் திருப்பித் தந்து வெளியே அனுப்பிவிடுவார்கள்!

இப்படிப்பட்ட கச்சேரியிலிருந்து பள்ளிக்கு எப்படிப் பணம் சேரும்? ஓர் எளிய கணக்குப் போடுவோம். 200 பேர், ஆளுக்கு 5 டாலர். ஆக 1,000 டாலர். மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் 400 போனால் மிச்சம் 600. பாடுகிறவர்கள் கூலி வாங்காததாலும், வாசலில் நிற்பவர்கள் தொண்டர்கள் என்பதாலும்தான் இந்த 600 மிஞ்சுகிறது. பெயர் பெற்ற பாடகரை அழைத்து, அவர் கூலிக்கே பாதிப் பணத்தைக் கொடுத்தால் பள்ளிக்கு என்ன மிஞ்சும்? இன்னொரு பயனும் உண்டு. எந்தப் பிள்ளைக்காகப் பணம் திரட்டுகிறார்களோ, அந்தப் பிள்ளையே அரங்கில் நின்று கேட்கலாம், வாசிக்கவும் செய்யலாம். ஓசை மிகுதி என்பதால், செவியடைப்பான் அணிவிப்பது மட்டும் அவசியம்.

ஃபிளீ என்னும் கிட்டார்க் கலைஞரின் கதையும் இங்கே சொல்லத்தக்கது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஃபேர்ஃபேக்ஸ் உயர்நிலைப்பள்ளியில் படித்த காலத்தில் எக்காளம் வாசித்தவர். பின்னர் ஃபியர் என்ற பங்க் குழுவிலும், அதன்பின் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவிலும் புகழ் பெற்றார். பல ஆண்டுகள் கழித்துப் பழைய பள்ளிக்குப் போனபோது, இசை வகுப்பில் கருவிகளே இல்லாத நிலையைக் கண்டார். 2001இல் நண்பர்களுடன் சேர்ந்து சில்வர்லேக் இசைப் பள்ளியைத் தொடங்கினார். பணமில்லாத பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகப் பாடமும் கருவியும் கிடைக்கின்றன. அதற்கு நிதி சேர்க்கக் கச்சேரிகளும் நடத்தினார்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 600 டாலரில் ஒரு பழைய எக்காளம் வாங்கலாம். அறுந்த தந்திகளை மாற்றலாம். ஓர் ஆசிரியருக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுக்க முடியாது. ஒருநாள் மழையில் முளை விடலாம். பயிர் விளைய வாய்க்கால் வேண்டும். கலிபோர்னியா மக்களும் இதை உணர்ந்தார்கள். 2022 நவம்பரில் ‘28ஆம் முன்மொழிவை’ நிறைவேற்றினார்கள். பள்ளிகளுக்கு உறுதி செய்யப்பட்ட நிதியில் 100க்கு 1 பங்குக்கு ஈடான தொகையை, ஆண்டுதோறும் இசைக்கும் பிற கலைகளுக்கும் கூடுதலாகக் கொடுக்க அது வழி செய்தது. 500 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி வட்டாரங்கள், அதில் 100க்கு 80 பங்கை ஆசிரியர்களையும் பணியாளர்களையும் அமர்த்தவே செலவிட வேண்டும். ஏறத்தாழ 44 ஆண்டுகளுக்கு முன் வாக்குச்சீட்டால் அடைபட்ட வாய்க்காலில், வாக்குச்சீட்டே ஒரு மடையைத் திறந்தது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் பாட்டு நின்றுபோனால் கூடிப் பணம் திரட்டுங்கள். நுழைவுச்சீட்டு மலிவாக இருக்கட்டும், மது வேண்டாம், வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள். அதோடு நின்றுவிடாமல், நிலையான ஆசிரியர் வேண்டும் என்று பொறுப்பில் உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். இந்த இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால், வாங்கிய கருவி அலமாரியில் தூங்கும்.