பெட்டிக்குள் இருக்கும் கணினியைப் பராமரிப்பவர் யார்?

கணினி என்றதும் பலருக்கும் மேசை மேல் இருக்கும் திரையும் விசைப்பலகையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், திரையும் விசைப்பலகையும் இல்லாத கணினிகள் எங்கும் நிறைந்திருக்கின்றன. வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் மோடம், கடைவாசலில் இருக்கும் கண்காணிப்புக் கேமரா, தொழிற்சாலையில் பெட்டிகளை எண்ணி அடுக்கும் இயந்திரம், மருத்துவமனைக் கருவி என ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு கணினி உட்கார்ந்திருக்கிறது. கருவிக்குள்ளேயே பொதிந்திருப்பதால் இவற்றை உட்பொதி கணினிகள் என்கிறார்கள்.

மேசைக் கணினியை ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றிவிடுவது வழக்கம். தொழிற்சாலை இயந்திரத்தின் கதை வேறு. அது 15 ஆண்டு, 20 ஆண்டு உழைக்கும் என்ற நம்பிக்கையில்தான் முதலாளி பணம் போடுகிறார். இரும்பும் மோட்டாரும் அவ்வளவு காலம் தாங்கும். உள்ளே இருக்கும் செயலியும் பெரும்பாலும் தாங்கிவிடும். அந்தச் செயலியை இயக்கும் மென்பொருள் அவ்வளவு காலம் தாங்குமா என்பதுதான் கேள்வி. இதற்கான விடை, எங்கோ ஓர் ஊரில் ஒரு பொறியாளர் அந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறாரா என்பதைப் பொறுத்தது என்றால் பலருக்கும் வியப்பாக இருக்கும்.

கெர்னல் செய்யும் வேலை

இயங்குதளத்தின் உட்கருவைக் கெர்னல் என்பார்கள். மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் நிற்கும் தரகர் அது. ஒரு மென்பொருள் கோப்பைச் சேமிக்க வேண்டும் என்றாலும், வலையமைப்பில் ஒரு செய்தியை அனுப்ப வேண்டும் என்றாலும் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும்.

உட்பொதி கணினிகளில் அதிகம் பயன்படும் கெர்னல்களில் ஒன்று லினக்ஸ். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு இன்டெல் 386 செயலிக்காக எழுதத் தொடங்கியது அது. இன்று அதில் 30 மில்லியன் வரிகளுக்கு மேல் நிரல் இருக்கிறது. ஏறத்தாழ 20 செயலிக் குடும்பங்களில் அது ஓடுகிறது.

இந்த நிரலில் பெரும்பகுதி எல்லாச் செயலிகளுக்கும் பொது. கோப்பு முறை, வலையமைப்பு போன்றவை எந்தச் செயலியானாலும் ஒன்றுதான். ஒரு சிறு பகுதி மட்டும் செயலிக்குச் செயலி மாறும். மின்சாரம் வந்ததும் செயலியை எப்படி எழுப்புவது, நினைவகத்தை எப்படிப் பங்கிடுவது, விசையை அழுத்தினால் செய்துகொண்டிருக்கும் வேலையை எப்படி இடைநிறுத்துவது, ஒரு மென்பொருளை ஒதுக்கிவைத்து இன்னொன்றை எப்படிக் கையில் எடுப்பது ஆகியவை அந்தப் பகுதியில் அடங்கும். இதைச் செயலியின் உள்ளும் புறமும் அறிந்தவர்களால்தான் எழுத முடியும்.

ஓடுகின்ற ஒன்றுக்குப் பராமரிப்பு எதற்கு?

ஒருமுறை எழுதிச் சரிபார்த்த நிரல் தேய்ந்துபோகாதே, துருப்பிடிக்காதே, பிறகு அதைப் பராமரிப்பது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தோட்டப்புறங்களில் இருந்த லயன் வீடுகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வரிசையாகப் பல வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. ஒரே சாக்கடை. கூரையை மாற்றினால் ஒவ்வொரு வீட்டிலும் விட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் ஒழுகும் இடத்தைச் சொல்லிவிடுவார். பூட்டிக் கிடக்கும் வீட்டில் மழை இறங்குவது யாருக்குத் தெரியும்?

லினக்ஸின் நிலையும் இதுதான். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பொதுப்பகுதி மாறுகிறது. நினைவகத்தைக் கையாளும் முறையை ஒருவர் மேம்படுத்தினால், அதற்கேற்ப எல்லாச் செயலிகளின் பகுதிகளையும் அவர் திருத்த வேண்டும். அத்தனை செயலிகளும் அவர் மேசையில் இருக்காது. கையேட்டைப் பார்த்து ஓர் அனுமானத்தில்தான் திருத்துவார். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அந்தச் செயலியை வைத்திருப்பவர்தான் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் நிரல் ஒருநாள் எழுந்திருக்கவே மறுக்கும்.

கருவிகளின் சிக்கலும் உண்டு. மனிதர் எழுதும் நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். கம்பைலர் ஒரு செயலியைக் கைவிட்டால், அந்தச் செயலிக்குப் பழைய கம்பைலரையே கட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டும். போகப்போகப் புதிய கெர்னல் அந்தப் பழைய கம்பைலரை ஏற்காது.

பினாங்கு தொட்ட ஒரு செயலி

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நியோஸ் 2. அமெரிக்காவின் ஆல்தெரா நிறுவனம் 2004ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 32 பிட் செயலி இது. கடையில் தனிச் சில்லாக விற்ற பொருள் அன்று. எஃப்பிஜிஏ என்ற ஒருவகைச் சில்லு இருக்கிறது. அதன் உள்சுற்றுகளை வாங்கியவரே தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். அந்தச் சில்லுக்குள் ஏற்றிக்கொள்ளும் செயலி வடிவமைப்புதான் நியோஸ் 2. தனியாக ஒரு செயலியை வாங்கும் செலவு மிச்சமானதால் தொழில்துறைக் கருவிகளைச் செய்பவர்கள் இதை விரும்பினார்கள்.

இந்தச் செயலியில் ஓடும் லினக்ஸ் பல ஆண்டுகள் தனிக்கிளையாகவே இருந்தது. அதாவது, லினக்ஸின் ஒரு படியை எடுத்துத் தமக்கு வேண்டியதைச் சேர்த்துத் தனியே வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. மூல லினக்ஸ் மாறும்போதெல்லாம் தனிக்கிளையையும் இழுத்துப் பிடித்து ஓட வேண்டும். எனவே, மூலத்திலேயே சேர்த்துவிடும் முயற்சி நடந்தது. 2014ஆம் ஆண்டு நிரல் பகுதிகள் பொதுப் பரிசீலனைக்கு வைக்கப்பட்டன. மற்ற நிரலாளர்கள் வரிக்கு வரி குறைசொல்ல, திரும்பத் திரும்பத் திருத்தி அனுப்பினார்கள். 2015 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.19 பதிப்பில் நியோஸ் 2 இடம்பெற்றது. பினாங்கில் இயங்கிய ஆல்தெரா அலுவலகத்தின் பொறியாளர்களுக்கு இந்தப் பணியில் பெரும்பங்கு உண்டு. மின்னியல் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற பினாங்கு, உலகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஒரு மென்பொருளிலும் தன் கைவண்ணத்தைப் பதித்தது குறிப்பிடத்தக்கது.

அதற்குப் பின் நடந்தவைதான் பாடம். 2015ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல் நிறுவனம் ஆல்தெராவை வாங்கியது. 2021ஆம் ஆண்டு நியோஸ் 5 என்ற புதிய செயலி அறிவிக்கப்பட்டது. இது யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-5 என்ற திறந்த செயலிக் கட்டமைப்பில் அமைந்தது. 2023ஆம் ஆண்டு நியோஸ் 2 கைவிடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்து ஜிசிசி கம்பைலர், 2024ஆம் ஆண்டின் 14ஆம் பதிப்பில் நியோஸ் 2-ஐக் காலாவதியானது என்று குறித்து, 2025ஆம் ஆண்டின் 15ஆம் பதிப்பில் நீக்கியது. செயலியே கையில் இல்லாமல் அதன் மென்பொருளைச் சோதிக்க உதவும் க்யூஎமு என்ற மென்பொருளும் 2024ஆம் ஆண்டு இதை விட்டுவிட்டது. 2025ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் பதிப்புகளில் நியோஸ் 2 பகுதி இருந்தது உண்மைதான். ஆனால், சுற்றியிருந்த தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன.

எட்டுச் செயலிகள் விடைபெற்ற ஆண்டு

2018 ஜூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் 4.17 பதிப்பில் எட்டுச் செயலிக் குடும்பங்கள் ஒரேயடியாக நீக்கப்பட்டன. ஏறத்தாழ அரை மில்லியன் வரிகள் குறைந்தன. இந்தப் பணியை முன்னின்று செய்தவர் ஆர்ன்ட் பெர்க்மன் என்ற நிரலாளர்.

நீக்கப்பட்டவற்றில் ஒன்று கிரிஸ். சுவீடனின் லுண்ட் நகரில் இருக்கும் ஆக்சிஸ் நிறுவனம் தன் கருவிகளுக்காகத் தானே உருவாக்கிக்கொண்ட செயலி அது. 1996ஆம் ஆண்டு வலையமைப்புக் கேமராவை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் இதுதான். பின்னர் அந்நிறுவனமே வேறு செயலிகளுக்கு மாறிவிட்டது. கிரிஸ் பகுதியைப் பராமரித்தவரும் நீக்குவதற்கு இணங்கினார். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் பிளாக்ஃபின் செயலியும் அதே பதிப்பில் விடைபெற்றது. அது லினக்ஸில் சேர்ந்தது 2007ஆம் ஆண்டுதான்.

எட்டுக்கும் பொதுவான காரணம் ஒன்றை பெர்க்மன் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு செயலிக்கும் பின்னால் ஒரே ஒரு நிறுவனம்தான் இருந்தது. சில்லு, செயலி வடிவமைப்பு, மென்பொருள் ஆகிய மூன்றையும் ஒரே தோளில் சுமப்பதைவிட, ஆர்ம் போன்ற பொதுச் செயலிக்கு உரிமம் வாங்குவது மலிவாகிவிட்டது. அந்த நிறுவனம் மாறியதும் நிரலைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல் போனது.

ஆர்வலர்கள் காப்பாற்றிய செயலிகள்

இதற்கு நேர்மாறான கதைகளும் உண்டு. மோட்டரோலா நிறுவனம் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட 68000 செயலியின் குடும்பத்துக்கு லினக்ஸில் இன்னும் இடம் இருக்கிறது. அமிகா, அட்டாரி போன்ற பழைய கணினிகளை நேசிக்கும் ஆர்வலர்கள் விடாமல் சோதித்துத் திருத்தி வருவதே காரணம். லினக்ஸ் பிறந்த 386 செயலியோ 2013ஆம் ஆண்டின் 3.8 பதிப்பிலேயே கைவிடப்பட்டுவிட்டது. வயது மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

ஹிட்டாச்சி நிறுவனத்தின் சூப்பர்எச் செயலியை நீக்கிவிடலாம் என்ற யோசனை 2023ஆம் ஆண்டு எழுந்தது. டெபியன் திட்டத்தில் பங்கேற்கும் ஒரு தன்னார்வலர் பொறுப்பேற்க முன்வந்தார். செயலி தப்பியது.

யார் எதற்குப் பொறுப்பு என்பதை லினக்ஸ் ஒளித்துவைப்பதில்லை. நிரலோடு சேர்ந்தே ஒரு பட்டியல் வருகிறது. ஊதியம் பெற்று ஒருவர் கவனிக்கும் பகுதி, ஊதியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவர் கவனிக்கும் பகுதி, நேரம் கிடைத்தால் மட்டும் ஒட்டுப்போடும் பகுதி, ஆளில்லாத அநாதைப் பகுதி என்று அதில் வகைபிரித்திருக்கிறார்கள்.

2038ஆம் ஆண்டு காத்திருக்கிறது

இவையெல்லாம் நிரலாளர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட் இடத்தில் வைத்திருக்கும் கருவிகளில், 2038 ஜனவரி 19ஆம் தேதி, மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு இடம் நிரம்பிவிடும். அடுத்த விநாடி, கருவி 1901ஆம் ஆண்டுக்குத் தாவக்கூடும். கதவைத் திறக்கும் நேரம், மருந்தைச் செலுத்தும் நேரம், சான்றிதழின் காலக்கெடு என எல்லாமே குழம்ப வாய்ப்பிருக்கிறது.

இதற்குத் தீர்வு கண்டாகிவிட்டது. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பு, 32 பிட் செயலிகளிலும் 64 பிட் நேரத்தைப் பயன்படுத்த வழிசெய்தது. பல ஆண்டுகள் நீடித்த இந்தப் பணியில் முன்னணியில் நின்றவரும் அதே பெர்க்மன்தான். ஆனால், 2018ஆம் ஆண்டே நீக்கப்பட்ட எட்டுச் செயலிகளுக்கு இந்தத் தீர்வு போய்ச் சேரவில்லை. அவை இருந்த 4.14 என்ற நீண்டகாலப் பதிப்புக்கான அதிகாரபூர்வத் திருத்தங்களும் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டன. அத்தகைய கருவி ஏதேனும் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தால், அதைத் திருத்தும் பொறுப்பு முழுவதும் உரிமையாளரின் தலையில்தான்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நீண்டகாலம் உழைக்க வேண்டிய கருவியை வாங்கும் நிறுவனங்கள் விலையையும் வேகத்தையும் மட்டும் விசாரித்தால் போதாது. இன்னும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் செயலிக்கு மூல லினக்ஸில் இடம் உண்டா, அல்லது விற்பவர் வைத்திருக்கும் தனிக்கிளையா? அதைப் பராமரிப்பவர்கள் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களா, பல இடங்களில் இருக்கிறார்களா? எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் தருவதாக எழுத்தில் உறுதி அளிக்கிறார்கள்? விற்றவர் கடையை மூடினால் நிரல் கைக்குக் கிடைக்குமா?

மின்நிலையம், இரயில் போன்ற துறைகளுக்காக 2016ஆம் ஆண்டு ஹிட்டாச்சி, சீமென்ஸ், தோஷிபா முதலிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. தேர்ந்தெடுத்த கெர்னல் பதிப்புகளைக் குறைந்தது 10 ஆண்டுகளுக்குப் பராமரிப்பது அதன் நோக்கம். தனியொருவரால் தாங்க முடியாத சுமையைக் கூடிச் சுமப்பதற்கு இது ஒரு வழி.

கணினித்துறையில் பயிலும் இளையோருக்கும் இங்கே வேலை இருக்கிறது. புதிய செயலியை வெளியிடும்போது விழா எடுப்பார்கள். பழைய செயலி இன்றும் எழுந்து ஓடுகிறதா என்று சோதிப்பவருக்கு மாலை போடுவார் யாருமில்லை. ஆயினும், ஒரு பழைய பலகையை வாங்கி, புதிய கெர்னல் பதிப்பை அதில் ஓட்டிப் பார்த்து, பிழை கண்டால் முறையாகத் தெரிவிப்பதற்குப் பட்டமோ பெரிய முதலீடோ தேவையில்லை. பொறுமை வேண்டும். உலகின் ஏதோ ஒரு மூலையில் அதே செயலியை நம்பி ஓடும் இயந்திரத்துக்கு அந்த ஒரு சோதனை இன்னும் சில ஆண்டு ஆயுளைக் கூட்டிக் கொடுக்கும்.