ஏலத்தில் எடுத்த சொத்தைக் கைவிட்டால் கட்டிய பணம் என்னவாகும்?

சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் மீன் ஏலம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால், கேட்ட விலையிலிருந்து பின்வாங்குபவர் மறுநாளும் அதே கூட்டத்தின் நடுவே நின்றாக வேண்டியிருக்கிறது. கேட்பவரின் முகம் எவருக்கும் தெரியாத இணையவழி ஏலத்தில் இத்தகைய ஊர்க்கட்டுப்பாட்டுக்கு இடமில்லை. ஆகவே அங்கே முன்பணத்தையே சட்டம் பிணையாகக் கொள்கிறது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் கடன் அடைபடாத வீடுகளையும் கடைக் கட்டடங்களையும் வங்கிகள் ஏலம் விடுவது, சர்ஃபேசி என்று சுருக்கமாக வழங்கப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியாகும். நீதிமன்றத்தை நாடாமலே அடமானச் சொத்தைக் கையகப்படுத்தி விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கும் இச்சட்டம் விளைநிலத்துக்குப் பொருந்தாது. இதன் விதிகளில் 9ஆம் விதிப்படி, ஏலம் எடுத்தவர் அன்றைக்கோ, அடுத்த வேலை நாளுக்குள்ளோ விலையில் 25 விழுக்காட்டைச் செலுத்த வேண்டும். ஏலத்தில் பங்கேற்க முன்கூட்டியே கட்டிய முன்வைப்புத் தொகையும் இதில் சேரும். எஞ்சியதை விற்பனை உறுதியான 15 நாளுக்குள், அல்லது வங்கி எழுத்துமூலம் இசைந்தால் அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குள் கட்ட வேண்டும். 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை எடுத்தவர், 10 லட்சத்தைக் கட்டிய பின் மீதி 30 லட்சத்தைக் காலத்துக்குள் கட்டத் தவறினால், அந்த 10 லட்சம் பறிமுதலாகி, வீடும் மறு ஏலத்துக்குப் போகும்.

இப்பறிமுதல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 2 அன்று தெளிவுபடுத்தியது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 2016 டிசம்பரில் நடத்திய மின்னணு ஏலத்தில் ஒரு சொத்தை 12.27 கோடி ரூபாய்க்கு எடுத்தவர், 25 விழுக்காடாக ஏறத்தாழ 3.07 கோடியைச் செலுத்திய பின், கூடுதல் அவகாசம் பெற்றும் மீதியைத் திரட்ட இயலாமல் போகவே, வங்கி அத்தொகையைப் பறிமுதல் செய்து, சொத்தை 14.76 கோடிக்கு மறுபடியும் விற்றது. வங்கிக்கு நட்டமே இல்லாதபோது முழுத்தொகையையும் எடுத்துக்கொள்வது முறையன்று என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க, உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது.

ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெறலாம் என்னும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74 பிரிவுகள், சட்டவிதியே நேரடியாகக் கட்டளையிடும் பறிமுதலுக்குப் பொருந்தா என்பது தீர்ப்பின் மையக் கருத்து. பணத்தை மீட்டுக்கொண்டு விலக வழியிருந்தால், கடனாளியோடு கூட்டுச் சேர்ந்து, வாங்கும் எண்ணமே இல்லாமல் ஏலம் கேட்டு விற்பனையை இழுத்தடிப்பவர்களுக்கு அது வாய்ப்பாகிவிடும் என்பது அதற்குரிய காரணம். அசாதாரணச் சூழல்களில் விலக்குக்கு இடமுண்டு என்றாலும், கடன் கிடைக்கவில்லை என்பது அத்தகைய சூழலாகாது.

நீதிமன்ற ஏலங்களில் நிலை சற்று வேறு: உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி முன்பணத்தைப் பறிமுதல் செய்வது நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்தது, ஆனால் மறு ஏலத்தில் விலை குறைந்தால், அந்தக் குறைவை முதலில் எடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும்.

வங்கிகள் சொத்தை 'உள்ளது உள்ளபடி' விற்பதாகவே பெரும்பாலும் அறிவிப்பதால், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வரி பாக்கி, குடியிருப்போர் நிலை ஆகியவற்றை ஏலத்துக்கு முன்பே ஆராய்வதும், வீட்டுக்கடனை நம்பியிருப்பவர் அதற்கான ஒப்புதலை எழுத்தில் பெற்றிருப்பதும் இன்றியமையாதவை. வேறொரு மனை விலைபோனால் மீதியைக் கட்டிவிடலாம் என்ற கணக்கில் விலை கேட்பவர், அந்த மனை விலைபோகாவிட்டால் கால் பங்குப் பணத்தை இழக்கத் தாம் ஆயத்தமா என்பதை ஏலநாளுக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.